மழைக்கால அவசரப் பொருட்கள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், ஆன்லைன் கடைகளில் ‘சர்வைவல் கிட்’ விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கும். தீ மூட்டும் கல், திசைகாட்டி, மணிக்கட்டில் கட்டும் கயிறு, பளபள அலுமினியத்தாள் போர்வை, ரம்பப் பல் வைத்த கத்தி. காட்டில் வழி தவறியவருக்கு இவை உதவலாம். கீழே இடுப்பளவுத் தண்ணீர் நிற்க, வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பவருக்குத் திசைகாட்டி எதற்கு?

நமக்கு வரும் ஆபத்து எப்படி இருக்கும் என்று நமக்கே நன்றாகத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2018 கஜா, 2023 மிக்ஜாம் என்று பார்த்தாயிற்று. முதலில் கரண்ட் போகும். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. அப்புறம் செல்போன் டவர் படுக்கும். டவர் படுத்தால் ஜிபே வேலை செய்யாது, ஏடிஎம்மும் திறந்திருக்காது. வாங்கும் பொருளை இந்த வரிசையோடு பொருத்திப் பார்க்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

தண்ணீரில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ‘ஒரு கேன் கூடுதலாகப் போட்டால் போதும்’ என்பது பல வீடுகளில் போடும் கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் மூன்று வேண்டும். கழிப்பறைக்கு ஊற்றுவது தனி. அதற்கு வீட்டில் இருக்கும் டிரம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைக்க வேண்டும். ரெட் அலர்ட் என்று கேட்டதுமே மோட்டார் போட்டு மேல்தொட்டியை விளிம்பு வரை ஏற்றிவிடுங்கள். இதற்குக் காசே செலவில்லை, ஆனால் இதைத்தான் மறக்கிறோம்.

வெள்ளம் சம்ப் மூடியைத் தாண்டிவிட்டால் உள்ளே சாக்கடையும் கலந்திருக்கும். கரண்ட் வந்த சந்தோஷத்தில் யாராவது ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். அதோடு மேலே மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் பாழ். சம்பைக் காலி செய்து, கழுவி, குளோரின் போட்ட பிறகுதான் ஏற்ற வேண்டும்.

ஆர்ஓ இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்களும் உண்டு. கரண்ட் இல்லாத நாளில் அது சுவரில் மாட்டிய வெறும் டப்பா. குளோரின் மாத்திரை வாங்கி வைப்பது நல்லது, ஆனால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஒரு லிட்டருக்கு ஒன்று போடும் மாத்திரையும் உண்டு, 20 லிட்டருக்கு ஒன்று என்பதும் உண்டு. மாற்றிப் போட்டால் ஒன்று கிருமி சாகாது, அல்லது வாயில் வைக்க முடியாது. கலங்கிய தண்ணீரென்றால் முதலில் துணியில் வடிகட்டி, பிறகு மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது விட வேண்டும். போன வருடம் பிரித்த பிளீச்சிங் பவுடரை நம்ப வேண்டாம். காற்றுப் பட்டு வீரியம் போயிருக்கும். எண்ணெய், ரசாயனம் கலந்த தண்ணீருக்குக் காய்ச்சுவதும் பயன்படாது, மாத்திரையும் பயன்படாது. மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடும் பரவியது நினைவிருக்கும்.

அடுத்தது பவர் பேங்க். முன்பக்கம் 20,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருக்கும். உங்கள் போன் பேட்டரி 5,000 என்றால் நான்கு முறை சார்ஜ் ஏறும் என்றுதானே கணக்குப் போடுவோம்? பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று இன்னொரு எண் இருக்கும், ஏறத்தாழ 12,000 என்று. உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றித் தருவதிலும், வழியில் சூடாகிப் போவதிலும் குறைந்தது போக நம் கைக்குக் கிடைப்பது அதுதான். இரண்டரை முறை ஏறினாலே நல்ல பவர் பேங்க். கடையில் அந்தப் பொடி எழுத்தைத் தேடுங்கள். அதைப் போடாத பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

வெளிச்சத்துக்கு சார்ஜ் ஏற்றும் எமர்ஜென்சி லைட்டை மட்டும் நம்புவது சரியல்ல. மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் கிடந்தால், வேண்டிய அன்று அது எரியாது. பென்சில் செல் போடும் எல்இடி டார்ச் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், செல்களைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சையே கெடுத்துவிடும். அதே செல்லில் ஓடும் சின்ன ரேடியோவும் வாங்கலாம். போனில் எஃப்எம் இருக்கிறது என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல போன்களில் ஒயர் ஹெட்செட் செருகினால்தான் அது பாடும், இப்போதைய மாடல்கள் பலவற்றில் அதைச் செருகும் துளையே இல்லை.

இன்வெர்ட்டரைத் தரைத்தளத்து மாடிப்படிக்கு அடியில் வைப்பது நம் ஊர் வழக்கம். தண்ணீர் முதலில் நுழையும் இடமும் அதுதான். ஜெனரேட்டர் வாங்குபவர்கள் அதை வராண்டாவிலோ ஜன்னலுக்குக் கீழோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

சாப்பாட்டுக்கு நூடுல்ஸ் அடுக்குவானேன்? அதற்குத் தண்ணீரும் வேண்டும், அடுப்பும் வேண்டும். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை போதும். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் 5 கிலோ சிலிண்டர் பற்றி யோசிக்கலாம். முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தண்ணீர் மேலே ஏறி உள்ளே நிறைந்தால் காலைத் தூக்கவே முடியாது. இறுக்கிக் கட்டும் பழைய ஷூவும், மூடி திறந்த மேன்ஹோலைத் தட்டிப் பார்க்க ஒரு நீளக் கம்பும் போதும்.

மருந்தில், எலிக்காய்ச்சலுக்குப் பயந்து ஆன்டிபயாட்டிக் வாங்கிக் குவிக்காதீர்கள். அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. வீட்டில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. இன்சுலின் போடுபவர்கள் ஃபிரிட்ஜ் ஓடாத நாட்களில் என்ன செய்வது என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், கண்ணளவில் பாதி பாதியாக அல்ல.

பணத்தை ஐந்நூறு ரூபாய்த் தாளாக மட்டும் வைத்தால் பால் பாக்கெட் விற்பவரிடம் சில்லறை இருக்காது. பத்தும் இருபதும் ஐம்பதும் கலந்து வையுங்கள். சென்னை மாநகராட்சியின் 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, இவற்றோடு சொந்தக்காரர்கள் எண்களையும் காகிதத்தில் எழுதி, பத்திரங்களோடு ஜிப் கவரில் போட்டுவிடலாம்.

இத்தனையும் வாங்கி, கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கும் வீடுகள் இருக்கின்றன! பரணில் ஏற்றுங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் மாடி வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி, அங்கே ஒரு பையைப் போட்டு வைப்பது இன்னும் நல்லது. மழை வந்து நிற்கும்போது போய்க் கேட்பதைவிட, வெயில் அடிக்கும்போது கேட்பது எளிது.