கிராபிக்ஸ் கார்ட் மாற்றும் முன் இந்த ஒரு செட்டிங்கைப் பாருங்கள்

கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்றதும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் புதுக் கார்ட் விலை கேட்கப் போய்விடாதீர்கள். முதலில் கிராபிக்ஸ் மெனுவில் அப்ஸ்கேலிங் இருக்கிறதா என்று பாருங்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்ட் என்றால் அது டிஎல்எஸ்எஸ் என்ற பெயரில் இருக்கும். பழைய ஜிடிஎக்ஸ் என்றால் எஃப்எஸ்ஆர் அல்லது எக்ஸ்இஎஸ்எஸ்.

அப்ஸ்கேலிங் கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, முந்தைய பிரேம்களின் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களின்) தகவலையும் சேர்த்துப் பெரிதாக்கித் தருகிறது. 4கே திரையில் அப்ஸ்கேலிங்கை ‘குவாலிட்டி’யில் வைத்தால் உள்ளே வரையப்படுவது 1440பி (அதாவது 1440 வரிப் படம்). அது தாராளம், வித்தியாசம் கண்ணில் படுவதே அரிது. ஆனால் நம்மில் பலரிடம் இருப்பது 1080பி திரை. அதில் ‘குவாலிட்டி’ என்றாலே 720பி, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்றால் வெறும் 540பி! வேலிக் கம்பி மினுங்கும், தலைமுடி நுனி கரையும், ஓடும் வாகனத்துக்குப் பின்னால் நிழல்போல் ஒரு தடம் இழுபடும். ஆகவே 1080பி-யில் ‘குவாலிட்டி’க்குக் கீழே இறங்காதீர்கள். நிழல், பிரதிபலிப்பு செட்டிங்குகளைக் குறைப்பது அதைவிட நல்லது.

‘பெர்ஃபார்மன்ஸ்’ வைத்தும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) ஏறவில்லையா? அப்படியென்றால் பெரும்பாலும் ப்ராசஸர்தான் தடை. அதற்கு அப்ஸ்கேலிங் உதவாது, புதுக் கார்டும் உதவாது.

அப்புறம், பிரேம் ஜெனரேஷன் (வரைந்த பிரேம்களுக்கு இடையே செயற்கைப் பிரேம்களைச் செருகுவது) வேறு விஷயம். 60 எஃப்பிஎஸ் ஏற்கெனவே வந்தால் மட்டும் போடுங்கள். 30-இல் போட்டால் எண் கூடும், மவுஸ் அசைவு மட்டும் பிந்தியே வரும்.