இணையக் குழுக்களில் ஜெர்மன் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனிக்குப் படிக்கவோ நர்ஸ் வேலைக்கோ போக நினைப்பவர்கள் ஏ2 நிலை (ஏ1, ஏ2, பி1, பி2 என ஏறும் மொழித்திறன் படிகளில் இரண்டாவது) முடித்த கையோடு ரெடிட், டிஸ்கார்ட், டெலிகிராம் என்று குழுக்களைத் தேடிச் சேருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மாதக்கணக்கில் குழுவிலேயே இருந்தும் நாலு வரி ஜெர்மனில் எழுதத் தயங்குபவர்கள் ஏராளம்.

பெரும்பாலும் சேர்ந்த இடமே தப்பாக இருக்கும். ரெடிட்டில் ஜெர்மன் கற்பவர்களுக்கென்றே பெரிய குழு உண்டு. இலக்கணச் சந்தேகம் கேட்க அருமையான இடம். ஆனால் அங்கே ஜெர்மனைப் பற்றிப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். நம்மூர் பி1 தேர்வுக் குழுக்களிலோ பிடிஎஃப் கேட்பதும் தேர்வுத் தேதி விசாரிப்பதுமே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டிலும் ஜெர்மன் எழுத வேண்டிய அவசியமே வராது.

ஜெர்மன்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடத்துக்குப் போங்கள். கூட்டெஃப்ராகெ (gutefrage) என்ற கேள்வி பதில் தளத்தில் சமையல் முதல் வீட்டு வாடகை வரை எல்லாமே ஜெர்மனில்தான். செஸ், சைக்கிள், செடி வளர்ப்பு என்று உங்களுக்கு நிஜமாகவே பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தொட்டித் தக்காளியின் இலை ஏன் சுருளுகிறது என்று கேட்டால், பதில் சொல்பவரின் கவனம் இலையில்தான் இருக்கும், உங்கள் வேற்றுமை உருபில் இருக்காது. எழுதும் பயம் விலக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது, கண்ணில் பட்டதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்வது. ரெடிட்டில் உள்ள இஷ்_ஐஇஎல் (ich_iel) என்ற மீம் குழுவில் ஆங்கிலச் சொற்களை வேண்டுமென்றே சொல்லுக்குச் சொல் ஜெர்மனாக்கி விளையாடுவார்கள். மீம் அங்கே 'மைமை'. பதிவைக் குறிக்கும் 'போஸ்ட்' அங்கே 'ப்ஃபோஸ்டன்', அதாவது நட்டுவைத்த கம்பம்! ரசித்துச் சிரிக்கலாம். ஆனால் அதுதான் ஜெர்மன் என்று நம்பி வேறு இடத்தில் எழுதினால் எதிரில் இருப்பவர் விழிப்பார்.

சாதாரண அரட்டையிலும் இந்தச் சிக்கல் உண்டு. இணையத்தில் முன்பின் தெரியாதவரையும் 'டு' என்று ஒருமையில் அழைப்பார்கள், பெரிய எழுத்தில் தொடங்க வேண்டிய பெயர்ச்சொற்களைச் சின்ன எழுத்தில் தொடங்குவார்கள். அங்கே அது சரி. ஆனால் ஜெர்மன் மொழித் தேர்வுகள் நடத்தும் கோதே நிறுவனத்தின் பி2 எழுத்துத் தேர்வைப் பாருங்கள்: முதல் பகுதியில் இணைய விவாதத்துக்குக் குறைந்தது 150 சொற்களில் ஒரு பதிவு, இரண்டாவதில் குறைந்தது 100 சொற்களில் மரியாதையான ஒரு செய்தி. குழுப் பழக்கம் முதல் பகுதிக்கு நேரடியாகவே கைகொடுக்கும். ஆனால் அரட்டைப் பழக்கத்தில் மேலதிகாரிக்கும் 'டு' போட்டால் மதிப்பெண் போகும். அதனால் குழுவில் எழுதும்போதும் பெயர்ச்சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கிப் பழகுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

திருத்தம் கிடைத்ததும் 'டாங்கெ' சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. லாங்கரெக்ட் போன்ற தளங்களில் முகம் தெரியாத ஒருவர் நேரம் ஒதுக்கி உங்கள் வரிகளைத் திருத்தித் தருகிறார். ஆங்கில நினைப்பில் 'இஷ் வார்ட்டெ ஃப்யூர் டிஷ்' (உனக்காகக் காத்திருக்கிறேன்) என்று எழுதியிருப்பீர்கள். 'ஃப்யூர்' அல்ல, 'ஆவ்ஃப்' என்று மாற்றியிருப்பார். அதைப் படித்துத் தலையாட்டினால் அடுத்த வாரமும் 'ஃப்யூர்'தான் வரும். மறுநாளே பஸ்ஸுக்காக, தேர்வு முடிவுக்காக, விசாவுக்காகக் காத்திருப்பதாக மூன்று வாக்கியம் 'ஆவ்ஃப்' வைத்து எழுதிப் போடுங்கள். திருத்தியவருக்கும் மனம் நிறையும், இன்னொரு முறை உதவத் தோன்றும்.

டீப்எல் என்ற மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்து ஒட்டுவது வேண்டாம். பிழையே இல்லாத வரிகளில் திருத்த என்ன இருக்கும்? வருகிற பதிலும் உங்கள் நிலைக்கு மேலே இருக்கும், அதற்கும் டீப்எல்லையே தேடுவீர்கள். முதலில் நீங்களே எழுதுங்கள், அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டேண்டம், ஹலோடாக் மாதிரி மொழி பழகும் அரட்டைச் செயலிகளில் பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வாட்ஸ்அப் எண் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள், குறிப்பாகப் பெண்கள். வேலை வாங்கித் தருகிறேன், விசாவுக்கு முன்பணம் அனுப்பு என்று பேச்சு திரும்பினால் உடனே பிளாக் செய்துவிடுங்கள். பாஸ்போர்ட் நகலையும் சான்றிதழ்களையும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.