மீன் எண்ணெய் மாத்திரை வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் எனக்கு ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு) 268 வந்தது. 150க்குள் இருக்க வேண்டியது. முழங்காலுக்குக் கீழே தோலும் வறண்டு போய், நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். இரண்டுக்கும் சேர்த்து மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி, தினம் ஒன்று வீதம் மூன்று மாதம் விழுங்கினேன். மறுபடி பார்த்தால் 261. காரணம் லேபிளில் இருந்தது.

ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும்.

படி 1: லேபிள்

முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 மி.கி. என்று இருக்கும். அது மொத்த எண்ணெயின் எடை. நமக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் "இபிஏ 180, டிஹெச்ஏ 120" என்று இருக்கும். கூட்டினால் 300 மி.கி. மீதி 700 மற்ற கொழுப்புகள்.

அடுத்து, அந்த அட்டவணையின் தலைப்பைப் பாருங்கள். "ஒரு வேளைக்கு" என்று போட்டு, ஒரு வேளை என்றால் 2 மாத்திரை என்று கீழே சொல்லியிருப்பார்கள். என் டப்பா அப்படித்தான். நான் தினம் விழுங்கியதில் உள்ளே போனது 150 மி.கி. மட்டுமே. ட்ரைகிளிசரைடைக் குறைக்க மருத்துவர்கள் எழுதித் தருவது நாளைக்கு 4 கிராம் வரை போகும். அதற்காக நீங்களாகவே மாத்திரையைக் கூட்டாதீர்கள். அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு.

இன்னொன்று, மீன் ஈரல் எண்ணெய் வேறு, மீன் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ அதிகம். ஒமேகாவுக்காக அதை மூன்று நான்காகக் கூட்டினால் வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

படி 2: விலைக் கணக்கு

ஒரு மாத்திரை 8 ரூபாய், உள்ளே 300 மி.கி. என்றால் 1 கிராம் ஒமேகா-3 ஏறக்குறைய 27 ரூபாய். இன்னொன்று 15 ரூபாய், உள்ளே 750 மி.கி. என்றால் 1 கிராம் 20 ரூபாய். நான் செறிவு கூடியதைத்தான் வாங்குகிறேன். விழுங்க வேண்டிய எண்ணிக்கையும் குறைகிறது.

படி 3: முகர்ந்து பாருங்கள்

புது டப்பாவில் ஒரு மாத்திரையை ஊசியால் குத்தித் தட்டில் பிழியுங்கள். லேசான மீன் வாடை சரி. பழைய பெயின்ட் மாதிரி காறல் நெடி மூக்கில் ஏறினால் எண்ணெய் கெட்டுவிட்டது, திருப்பிக் கொடுங்கள். எலுமிச்சை வாசனை சேர்த்தவை இந்த நெடியை மறைத்துவிடும் என்பதால் எனக்கு அவை பிடிப்பதில்லை.

படி 4: மதியச் சாப்பாட்டோடு

வெறும் வயிற்றில் வேண்டாம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும், மீன் ஏப்பமும் குறையும்.

டாக்டர் சொன்ன அளவில் எடுத்து, டீயில் சர்க்கரையையும் ராத்திரி பரோட்டாவையும் நிறுத்திய பிறகு என் எண் 172. சர்க்கரையை நிறுத்தியதற்கே பாதிக்கு மேல் பங்கு என்பது என் எண்ணம்.

தோலுக்கு? கொழுப்பே இல்லாத தீனி தின்ற எலிகளின் தோல் செதிலாக உரிவதை 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற ஆராய்ச்சியாளர் தம்பதியர் காட்டினார்கள். லினோலிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு அமிலம் தோலுக்கு அவசியம் என்பது அந்த ஆய்வுகளிலிருந்துதான் தெரிந்தது. ஆனால் அது நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் தாராளமாக இருக்கிறது. ஈவினிங் ப்ரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெய் மாத்திரை கரப்பானுக்குப் பலன் தரவில்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வு 2013இல் சொல்லிவிட்டது. என் கால் வறட்சி தீர்ந்தது, குளித்த ஈரம் காயும் முன் வாசலின் தடவ ஆரம்பித்த பிறகுதான்.

பிற்சேர்க்கை: சைவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆளி விதையில் இருப்பது ஏஎல்ஏ என்ற தாவர ஒமேகா-3. உடல் அதில் கொஞ்சத்தைத்தான் இபிஏவாக மாற்றும், டிஹெச்ஏவாக அதைவிடக் குறைவு. சாப்பிடுவதானால் பொடித்துச் சாப்பிடுங்கள், முழு விதை அப்படியே வெளியேறிவிடும். நேரடியாக வேண்டுமென்றால் பாசி எண்ணெய் மாத்திரை இருக்கிறது. அதிலும் மேலுறை ஜெலட்டினா என்று பாருங்கள், ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது.

மீன் சாப்பிடுபவர்களுக்கு, 100 கிராம் மத்தி மீனில் ஏறத்தாழ 1 கிராம் ஒமேகா-3 கிடைக்கும். வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம்.