மலை மறையாமல் திருமணிமுத்தாற்றின் கரையைப் பலப்படுத்த
சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றின் கரையில் வெள்ளத் தடுப்புச் சுவர் எழுப்புவதற்கு முன், ஆற்றைத் தூர்வாரி, குறுகிய இடங்களை அகலப்படுத்த வேண்டும். நீருக்கு இடம் கிடைத்தால் வெள்ள மட்டம் தாழும், சுவரும் தாழ்வாகவே போதும்.

பிறகு இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, உத்தேச உயரத்தில் சணல் கயிற்றைக் கட்டி, கரையோர வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாருங்கள். மலைமுகடு மறைகிறதா என்பதை வரைபடத்தைவிட அந்தக் கயிறு தெளிவாகக் காட்டிவிடும். தலைமுறைகளாக மலையைப் பார்த்து வாழ்ந்தவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல.

மறைந்தால், கான்கிரீட் சுவரை இடுப்பளவில் நிறுத்தி, அதன்மேல் காடி (பலகை செருகும் நீள்பள்ளம்) வெட்டிய தூண்களை நட்டு, வெள்ள எச்சரிக்கை வரும்போது மட்டும் அலுமினியப் பலகைகளைச் செருகலாம். அவற்றை எங்கே வைப்பது, யார் செருகுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அடித்தளத்தை நீரரிப்பு எட்டாத ஆழம்வரை இறக்குவதில் மட்டும் சிக்கனம் கூடாது.