பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு ஊர் ஆதரவு வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கட்டுரைப் போட்டி நடத்தலாம் என்று பள்ளியில் முடிவானதும் பெரும்பாலும் நடப்பது என்ன? பரிசுக்கு யார் பணம் தருவார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பிவிடுவார்கள். முதல் தவறே இதுதான். பணம் கேட்டால் பணம் கிடைக்கலாம், ஆனால் கொடுத்தவர் தன் பங்கு அதோடு முடிந்தது என்று இருந்துவிடுவார், பரிசளிப்பு நாளில் பெற்றோரையும் ஆசிரியர்களையும் தவிர வேறு யாரும் வர மாட்டார்கள். இத்தனைக்கும் கட்டுரைப் போட்டிக்குப் பெரிய செலவு கிடையாது. தாள், சான்றிதழ், பரிசாகக் கொடுக்கக் கொஞ்சம் புத்தகங்கள், அவ்வளவுதான். உண்மையில் தேவைப்படுவது பிள்ளைகள் எழுதியதை உட்கார்ந்து படிக்க ஆட்கள். ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

அதைக் கேட்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. "தங்கள் மேலான ஆதரவை நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு கடிதம் வந்தால், வாங்கியவருக்கு அடுத்து என்ன செய்வது என்றே தெரியாது, மடித்து வைத்துவிடுவார். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய 20 கட்டுரைகள் தருகிறோம், ஒவ்வொன்றும் ஒன்றரைப் பக்கம்தான், எல்லாம் படித்து மதிப்பெண் போட இரண்டு மணி நேரம் ஆகும், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தந்தால் போதும்." இதற்கு முடியும், முடியாது என்று உடனே பதில் சொல்லலாம். நூலகத்தில் இடம் கேட்பதானால் எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை நாற்காலி என்று சொல்லிக் கேளுங்கள். இதையெல்லாம் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேட்காதீர்கள், ஆறு முதல் எட்டு வாரமாவது முன்னால் போய்ப் பேசுங்கள். அவசரமாகக் கேட்டால் மனம் உள்ளவர்கூட மறுக்க வேண்டி வரும்.

எனக்குப் பெரிதாகப் படுவது தலைப்பு விஷயம். ஆசிரியர்கள் நாலு பேர் ஓர் அறையில் கூடி "சுற்றுச்சூழலைக் காப்போம்", "ஒழுக்கத்தின் மேன்மை" என்று ஒரு தலைப்பை முடிவு செய்துவிடுகிறார்கள். பிள்ளைகள் இணையத்திலிருந்து எடுப்பார்கள், இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியே ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும், நூறு கட்டுரையும் ஒன்றுபோல இருக்கும். அப்படிப்பட்ட கட்டுரைகளைப் படிக்க யாருக்குத்தான் ஆர்வம் வரும்? "என் தெருவில் முன்பு இருந்து இப்போது இல்லாத ஒன்று", "முப்பது வருடமாக ஒரே வேலை பார்க்கும் ஒருவர்" என்று தலைப்பு கொடுத்துப் பாருங்கள். பிள்ளை வெளியே போய் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியையும், தபால் கொண்டு வருபவரையும், மூலையில் தையல் தைப்பவரையும் கேள்வி கேட்கும். பதில் சொன்ன ஒவ்வொருவரும் அந்தக் கட்டுரை என்ன ஆனது என்று விசாரிப்பார்கள். ஆதரவு என்று தனியாகத் திரட்ட வேண்டியதே இல்லை, தலைப்பே பாதி வேலையைச் செய்துவிடும். இணையத்தில் கிடைக்காத விஷயம் என்பதால் பார்த்து எழுதுவதும் குறையும். ஒன்று மட்டும் கவனம்: பிள்ளைகள் தெரிந்தவர்களிடம்தான் பேச வேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நடுவர்கள். பிரமுகர் என்பதற்காக ஒருவரை நடுவராகப் போடாதீர்கள், அவருக்குப் படிக்க நேரம் இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கட்டுரையைப் படித்து மதிப்பெண் போட ஆறு நிமிடம் என்றால் 100 கட்டுரைக்குப் பத்து மணி நேரம், ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பார்ப்பதாக இருந்தால் இருபது மணி நேரம். ஆளுக்கு 20 என்று பிரித்தால் பத்துப் பேர் வேண்டும். ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், நூலகர், செவிலியர் என்று யாராக இருந்தாலும் சரி. ஆனால் மதிப்பெண்ணுக்கான அளவுகோல் ஒரே பக்கத்தில் எழுதிக் கையில் இருக்க வேண்டும், முதலில் மாதிரிக் கட்டுரை இரண்டு மூன்றை எல்லோரும் சேர்ந்து படித்து மதிப்பெண் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் கையெழுத்துக்குப் போடுவார், இன்னொருவர் கருத்துக்குப் போடுவார். அமெரிக்காவில் 1947-இல் தொடங்கிய 'வாய்ஸ் ஆஃப் டெமாக்ரசி' போட்டியில் மாணவர்கள் தங்கள் கட்டுரையைத் தாங்களே வாசித்து ஒலிப்பதிவாகத் தருகிறார்கள், அதை நடத்தும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில்தான் முதல் சுற்று நடக்கிறது, அதில் தேறியவைதான் மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். முதலில் கேட்பவர்கள் அதே வட்டாரத்து ஆட்கள் என்பதைக் கவனியுங்கள்.

கட்டுரைத் தாளில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும் போதும். பரிசுக்குப் பணம் கொடுத்தவர் நடுவராக இருக்கக் கூடாது, அவர் வீட்டுப் பிள்ளை போட்டியில் எழுதலாம், ஆனால் முடிவில் அவருக்கு எந்தப் பேச்சும் இல்லை. இதை வாய்மொழியாக விடாமல், பணம் வாங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். "இவங்களுக்குத்தான் பரிசு போகும்னு தெரியும்" என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அடுத்த வருடம் யாரும் கிட்டே வர மாட்டார்கள்.

பரிசளிப்பு நாளில் விருந்தினர்கள் ஆளுக்கு இருபது நிமிடம் பேசிவிட்டு, எழுதிய பிள்ளைகள் சான்றிதழ் வாங்கப் படியேறி இறங்குவதோடு முடிந்துபோனால் என்ன பயன்? மேடையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நாலைந்து கட்டுரைகளாவது முழுதாக வாசிக்கப்பட வேண்டும், அவற்றில் பரிசு பெறாத ஒன்றிரண்டும் இருக்கட்டும். பரிசு கிடைக்காதவர்களின் கட்டுரையிலும் நடுவர் எழுதிய இரண்டு வரி இருக்க வேண்டும். கூட்டத்தை மாலையிலோ விடுமுறை நாளிலோ வையுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் வர முடியும்.

போட்டி முடிந்ததும் கட்டுரைகளைக் கட்டி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எத்தனை பேர் எழுதினார்கள் என்று ஒரு பக்கக் கணக்கு, உதவியவர்கள் எல்லோர் கைக்கும் போக வேண்டும். கட்டுரையில் வந்த அந்தத் தையல்காரருக்கு அதன் பிரதி ஒன்றைப் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கட்டுரைகளைத் தொகுத்து அச்சிடவோ படம் வெளியிடவோ பெற்றோர் சம்மதம் வேண்டும், அதற்கான கையெழுத்தைப் போட்டி விண்ணப்பத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு ஒவ்வொரு வீடாக அலைய வேண்டியிருக்காது.