இரைச்சல் கூடினால் உற்சாகம் கூடிவிடாது: கால்பந்து ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்து அரங்குக்கு ஊதுகொம்பு எடுத்துச் செல்பவர்கள் செய்யும் பெரிய தவறு, தொடக்க விசில் முதல் கடைசி விசில் வரை நிறுத்தாமல் ஊதுவது. 2010-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு வுவுசெலாவின் ரீங்காரம் மறந்திருக்காது. ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த பிளாஸ்டிக் கொம்பில், சாதாரணமாக ஊதினால் ஒரே ஒரு சுரம்தான் எழும். அதன் அதிர்வெண் சுமார் 233 ஹெர்ட்ஸ். ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு நேரத்தில் மூச்சு வாங்கி ஊதினால், எல்லாம் கலந்து ஏற்ற இறக்கமற்ற ஒற்றை ஒலியாகிவிடும். பந்து நடுக்களத்தில் சும்மா உருண்டாலும், கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பினாலும் கேட்பது அதே ஒலிதான். ஒளிபரப்பாளர்கள் அந்த அதிர்வெண்களை வடிகட்டித்தான் வர்ணனையாளரின் குரலைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இதற்காகக் கொம்பின் மீதே பழி போடுவதும் தவறு. உலகக் கோப்பைக்கு முந்தைய ஆண்டு அதே தென்னாப்பிரிக்காவில் நடந்த 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையின்போதே வுவுசெலாவைத் தடை செய்யச் சொன்னார்கள். அப்போதைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் மறுத்துவிட்டார். ஆப்பிரிக்காவில் நடக்கும் போட்டியை ஐரோப்பியப் போட்டியாக்க முயலக் கூடாது என்பது அவர் வாதம். அது நியாயமான வாதம் என்றே நினைக்கிறேன். ஒரு நாட்டு ரசிகர்கள் தங்கள் மைதானத்தில் எப்படிக் கொண்டாட வேண்டும் என்று வெளியிலிருந்து வருபவர் கட்டளையிட முடியாது. ஊதும் நம்மிடம்தான் ஆட்டத்தைக் கவனிக்கும் காது இருக்க வேண்டும். உங்கள் அணி கார்னர் கிக் எடுக்கப் போகிறது, எதிரணி பெனால்டிக்குத் தயாராகிறது, சோர்ந்த அணி மீண்டும் பந்தைப் பறிக்கிறது: ஊத வேண்டிய தருணங்கள் இவை. இடையில் விட்டுவைத்த அமைதிதான் அந்த ஒலிக்கு வலுவைத் தருகிறது.

2016 ஐரோப்பியக் கோப்பையில் ஐஸ்லாந்து ரசிகர்கள் இதைக் காட்டினார்கள். முரசு முழங்கும், தலைக்கு மேல் விரித்த கைகள் ஒரே நேரத்தில் சேரும், 'ஹூ' என்று ஒரு குரல் எழும். பிறகு நீண்ட இடைவெளி. மெல்ல மெல்ல இடைவெளி குறைந்து வேகம் பிடிக்கும். முரசைத் தவிர அங்கே வேறு கருவி தேவைப்படவில்லை.

முரசு கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்கிறது. சர்வதேச ஆட்டக்களத்தின் வழக்கமான நீளம் 105 மீட்டர். ஒரு கோலுக்குப் பின்னால் அடிக்கும் அடி, மறு கோலுக்குப் பின்னால் நிற்பவருக்குக் குறைந்தது 0.3 நொடி தாமதமாகக் கேட்கும். வேகமான தாளத்தில் அது கிட்டத்தட்ட ஓர் அடி. அவர் தான் கேட்டதற்கு ஏற்ப அடித்தால், அது இங்கே திரும்பி வரும்போது மேலும் தாமதமாகி, பாடிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு தாளங்களுக்கு நடுவே சிக்கித் தடுமாறுவார்கள். எனவே முரசுகளை அரங்கின் நாலு மூலைக்கும் பிரித்து வைக்காதீர்கள். ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் காதை நம்பாமல் தாளம் போடுபவரின் கையைப் பார்த்துக் கைதட்டட்டும். அவர் எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில் நிற்க வேண்டும். பாட்டு எழும்போது முரசு சற்றுத் தணிய வேண்டும். குரலை அமுக்கும் முரசால் யாருக்கும் பயனில்லை.

அடுத்தது காது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. வுவுசெலாவின் வாயிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 120 டெசிபல் வரை அளந்திருக்கிறார்கள். பணியிட இரைச்சலுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடங்கள்தான் மிஞ்சும். ஓர் ஆட்டமோ 90 நிமிடம். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளராது.

அரங்கின் இருக்கைகள் படிப்படியாகச் சரிந்து இறங்குவதால், நீங்கள் நேராகப் பிடிக்கும் கொம்பின் வாய் முன்வரிசைக்காரரின் தலைக்குப் பின்னால்தான் வந்து நிற்கும். எனவே வானத்தை நோக்கி உயர்த்தி ஊதுங்கள். முன்னால் குழந்தை இருந்தால் ஊதவே ஊதாதீர்கள். குழந்தைகளை அழைத்துவருபவர்கள் காதை முழுமையாக மூடும் ஒலித்தடுப்புக் கவசத்தைக் கொண்டுவரலாம். பெரியவர்களுக்குக் காதடைப்பான் போதும். ஆட்டம் முடிந்தபின் காதில் 'ங்ஙொய்' என்ற ஒலி நீடித்தால் அது அளவு மீறியதற்கான எச்சரிக்கை. ஒருவர் ஊதிய கொம்பை இன்னொருவர் வாங்கி ஊதுவதையும் விட்டுவிடுங்கள். எச்சில் வழியாக நோய் பரவும்.

நடுவருடையதைப் போன்ற விசிலை எடுத்துவருவது ஆட்டத்தையே கெடுத்துவிடும். ஆஃப்சைடு என்று நினைத்துத் தடுப்பாட்டக்காரர் நின்றுவிடலாம், பந்தைக் கையால் எடுத்துவிடலாம். பார்வையாளரின் விசில் ஆட்டத்தில் குறுக்கிட்டது என்று நடுவர் கருதினால் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கீழே விட்டு மீண்டும் தொடங்க வேண்டும் என்பது விதி. உங்கள் அணிக்குக் கிடைத்திருக்கக்கூடிய அருமையான வாய்ப்பு அங்கேயே வீணாகும்.

பார்வையற்றோர் கால்பந்துக்குப் போகிறவர்கள் வழக்கமான பழக்கம் அனைத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே பந்துக்குள் ஒலிக்கும் மணிகள் இருக்கின்றன. பந்தை நோக்கி வருபவர் 'வொய்' என்று குரல் கொடுத்தாக வேண்டும். எதிரணியின் கோலுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டி, கோல் எந்தப் பக்கம் என்று சொல்கிறார். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஒரு கைதட்டல்கூட வீரரின் வழியை மறைத்துவிடும். கோல் விழுந்ததும் வேண்டிய அளவு ஆர்ப்பரிக்கலாம்.

கடைசியாக, அரங்கின் விதிகளை டிக்கெட் வாங்கும்போதே படியுங்கள். 2010 செப்டம்பரில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ தன் போட்டிகளில் வுவுசெலாவைத் தடை செய்தது. 2014 பிரேசில் உலகக் கோப்பைக்காக இசைக்கலைஞர் கார்லின்யோஸ் பிரவுன் 'காஷிரோலா' என்ற கிலுகிலுப்பையை உருவாக்கினார். 2013 ஏப்ரலில் சால்வடோர் நகரில் பாயியா, விட்டோரியா அணிகள் மோதியபோது, ஆத்திரமடைந்த ரசிகர்கள் அவற்றை ஆட்டக்களத்துக்குள் வீசினார்கள். பிறகு உலகக் கோப்பை அரங்குகளில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. எறியக்கூடிய எதையும் பாதுகாப்பு அதிகாரிகள் இப்படித்தான் பார்ப்பார்கள். முரசுக்கு முன்அனுமதி கேட்கும் அரங்குகள் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்படி ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லும் அரங்குகளும் உண்டு. வாயுக் குப்பியில் இயங்கும் ஹாரனைப் பெரும்பாலும் வாயிலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.