கருப்பு அங்கியிலிருந்து கரும்பலகைக்கு

உரிமையியல், குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் சட்டக் கல்லூரி உதவிப் பேராசிரியராக வேண்டுமானால், எத்தனை ஆண்டு வாதாடியிருந்தாலும் எல்எல்.எம். என்ற சட்ட முதுநிலைப் பட்டம் வேண்டும். பொதுப்பிரிவினருக்கு 55 சதவீத மதிப்பெண். அதோடு யுஜிசி நெட் எனும் விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேர்ச்சி, அல்லது விதிப்படி பெற்ற பிஎச்.டி.

நெட்டில் 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஒன்றையும் விடாதீர்கள். வழக்கறிஞர்கள் சறுக்குவது பெரும்பாலும் பொதுத்திறன் பார்க்கும் முதல் தாளில்தான். ஆய்வு முறை, தரவு விளக்கம் எல்லாம் கோர்ட்டில் பழகாத சங்கதி.

வேலையை விடாமல் வெள்ளோட்டம் பார்க்க வழி உண்டு. வழக்கறிஞர்கள் சட்டம் கற்பிப்பது பற்றிய 1979-ஆம் ஆண்டு விதிகளின்படி, வழக்கறிஞர் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம். முழுநேரச் சம்பளப் பணி என்றால் கதை வேறு: மாநில பார் கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து, அசல் பதிவுச் சான்றிதழை ஒப்படைத்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் ஒழுங்கு நடவடிக்கை வரலாம். தொழிலை நிறுத்தும் முன்பே நிலுவை வழக்குகளின் கட்டுகளைக் கட்சிக்காரரிடம் கொடுத்து, வேறு வழக்கறிஞருக்குப் புது வகாலத்து கொடுக்க ஆட்சேபனை இல்லை என எழுதிக் கொடுங்கள். வாய்தா தேதியையும் எழுதித் தாருங்கள், வாய்ச்சொல் போதாது.

வகுப்பில் பழக்கதோஷம் காலை வாரும். 1.7.2024 முதல் சாட்சியச் சட்டம் மாறிவிட்டது. மின்னணு ஆவணச் சான்றுக்கு பழைய சட்டத்தின் 65பி என்று வாய் தவறும், இப்போது அது புதிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு. பழைய வழக்குக்கதைகளை மட்டும் சொல்லி மணியை ஓட்டாதீர்கள். ஒரு பிராதை (வழக்கு மனுவை) கையில் கொடுத்து, வழக்குமூலம், அதாவது வழக்குத் தொடரக் காரணமான நிகழ்வு, எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.